பெட்டியில் இல்லாத மருந்து

நேற்று எங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் ஓர் எலி செத்துக் கிடந்தது. வாடை வந்ததும் என் மனைவி ஊதுவத்தி ஏற்றினாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பீரோவை நகர்த்தி அதை முறத்தில் அள்ளும்போது கண்களைப் பார்த்தேன். இரண்டும் மிளகு போலத் திறந்தே இருந்தன. உன் வாழ்நாளில் பாதியை இவ்வளவு சிறிய கண்ணின் பின்பக்கத்தில் கழித்திருக்கிறாய். "இன்னா அதையே பாத்துக்கினு நிக்கற, கொண்டு போய் கொட்டு" என்றாள் மனைவி. கொட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

திருப்பதிக் கல்லூரியில் நாம் விலங்கியல் சேர்ந்தபோது நம் பெஞ்சில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் நாம் இருவர்தான். உங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம். எங்கள் வீட்டில் வரதய்யபாளையத்துப் பக்கம் ஊரார் நிலத்தில் கூலி வேலை. அப்பா, எங்கள் பேச்சில் நைனா, அவர் காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் மேட்டு நிலம் கைக்கு வந்தது. உன் தமிழும் என் தமிழும் முதலில் ஒன்றையொன்று சந்தேகமாகத்தான் பார்த்தன. நான் "வந்துக்கினு கீறேன்" என்றால் நீ சிரிப்பாய். நீ "வந்துண்டிருக்கேன்" என்றால் நான் சிரிப்பேன். சண்டை முற்றினால் இருவரும் தெலுங்குக்குப் போய்ச் சமாதானம் செய்துகொண்டு திரும்புவோம்.

தவளையை அறுக்கும் வகுப்பில் உன் தவளையையும் நான்தான் அறுத்தேன். நீ சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டு நின்றாய். அப்படிப்பட்டவன் அமெரிக்காவுக்குப் போய், எலியின் கண் நரம்பை இடுக்கியால் நசுக்கிப் பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோது நான் பெரிதாக வியக்கவில்லை. நாட்டில் அப்போது தாராளமயம் வந்து எல்லாமே திறந்துவிடப்பட்டுக்கொண்டிருந்தது. உன் மனதும் திறந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். "மயக்கம் குடுத்துட்டுத்தாண்டா பண்றோம்" என்று நீ போனில் சொன்னாய். நான் கேட்காமலே சொன்னாய்.

அந்த வருடங்களில் திருப்பதியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை விமானம் ஏறினான். பிள்ளை என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் பெற்றோர் "கம்ப்யூட்டர்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். கேட்டவரும் மரியாதையோடு நகர்ந்துவிடுவார். உன் அப்பாவுக்கு அந்த வசதி இல்லை. கண் நரம்பில் அடிபட்டால் விழித்திரையில் இருக்கும் நரம்பு செல்கள் ஏன் சாகின்றன, அவற்றைச் சாகாமல் வைத்திருக்க முடியுமா என்று தன் பிள்ளை எலிகளிடம் பரிசோதித்துக்கொண்டிருப்பதை அவர் மாட வீதியில் நின்று யாருக்கு விளக்குவார்? "கண் டாக்டர்" என்று முடித்தார். அதன் பலனை நீதான் அனுபவித்தாய். விடுமுறைக்கு வந்தால் காலை காப்பிக்கு முன்பே, கண்ணில் புரை விழுந்த மாமிகள் கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். "எலிக்கு ஏதாவதுன்னா சொல்லுங்கோ மாமி, பார்க்கறேன்" என்பாய். அமெரிக்கா போயும் எவ்வளவு அடக்கம் பார் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் எங்கும் போகவில்லை. சித்தூருக்கு வெளியே மாம்பழக் கூழ் செய்து கப்பலேற்றும் ஒரு தொழிற்சாலையில் எழுத்து வேலை பார்த்தேன். மாம்பழம் வெளிநாடு போனது, நான் வழியனுப்பினேன். ஒரு கோடைக்காலத்தில் மொபெட்டில் வீடு திரும்பும்போது முன்னால் போன டிராக்டர் பள்ளத்தில் இறங்கி ஏற, மேலே இருந்த பிளாஸ்டிக் கூடை ஒன்று பழத்தோடு சரிந்து என் வலது புருவத்தில் விழுந்தது. தாராளமயம் என்னை நேரடியாகத் தொட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

புருவத்தில் தையல் போட்டார்கள். வீக்கம் வடிந்து இமையைத் திறந்தால் கண் முழுசாக இருந்தது. சிவப்புக்கூட இல்லை. பார்வை மட்டும் இல்லை. டாக்டர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். கண்ணுக்குப் பின்னால், எலும்புக்குள் நுழைந்து மூளைக்குப் போகிற நரம்பு அடிபட்டிருக்கிறது, வீக்கம் குறைய மருந்து கொடுத்திருக்கிறோம், பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். பொறுத்துப் பார்ப்பதற்கு எனக்கு இடது கண் இருந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஊரில் நைனாவிடம் போய்க் கிடந்தேன். நைனா தினமும் காலையில் என் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடிவிட்டு, "இப்போ நான் எங்க கீறேன் சொல்லு" என்பார். குரல் வந்த பக்கமாகக் கை காட்டுவேன். அவர் கொஞ்சம் சந்தோஷப்படுவார். பிறகு விஷயம் புரிந்து, பேசாமல் நகர்ந்து நின்று பார்ப்பார். அப்போது எனக்குக் கை நீட்டத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் உன் தங்கை கல்யாணத்துக்கு நீ வந்தாய். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் சிநேகிதன் அமெரிக்காவில் இதே வேலைதான் பார்க்கிறான், அவன் மருந்து போட்ட எலிகளுக்குக் கண்ணில் செல் சாகாமல் நிற்கிறதாம் என்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். நைனா தட்டில் கையை நிறுத்தினார்.

மறுநாள் விடிவதற்குள் கிளம்பிவிட்டார். அம்மாவோடு அவருக்கு நடந்த வாக்குவாதத்தில்தான் நான் விழித்தேன். அதிகாரி யாரையாவது பார்க்கப் போனால் கொண்டுபோவது போல ஒரு நாட்டுக் கோழியைக் காலைக் கட்டித் தூக்கியிருந்தார்.

"சாமி வூட்டுக்கு கோயி எடுத்துக்கினு போறியே, புத்தி கீதா உனக்கு?"

"அவங்க துன்ன வாணாம். வளக்கட்டுமே."

"கல்யாண வூட்ல கோயி வளப்பாங்களா?"

கடைசியில் கோழி தப்பியது. ஒரு பை வேர்க்கடலையோடு பஸ் ஏறினார். நாராயணவனத்தில் பஸ் நின்றபோது இருந்த இடத்திலிருந்தே கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டாராம். இறங்கினால் அடுத்த பஸ் பிந்திவிடும் என்று பெருமாளிடமே சொல்லிவிட்டாராம்.

உன் வீட்டில் நடந்ததை நீயே பிறகு சொன்னாய். உன் அப்பா அவரைக் கல்யாணத்துக்கு வந்தவர் என்று நினைத்து இலையில் உட்கார வைத்துவிட்டார். நைனாவும் மறுக்கவில்லை. புளியோதரையை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சாமி, எலிக்குப் போடறீங்களாமே, அதுல கொஞ்சூண்டு" என்றார். மனிதர்களுக்கு அப்படி ஒரு மருந்து இன்னும் வரவில்லை என்று நீ சொன்னாய். நைனா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடலையை வைத்துவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தார்.

"இன்னா சொன்னான்?" என்று கேட்டேன்.

"ஸ்டாக் இல்லைன்றாரு."

"அப்படி சொல்லியிருக்க மாட்டான் நைனா. மருந்தே இன்னும் கண்டுபுடிக்கலைன்னு சொல்லியிருப்பான்."

"நம்ப ரேஷன் ஸ்டோர் டீலரும் அதான் சொல்வான். மண்ணெண்ணெய் இன்னும் வர்ல, லாரி கிளம்பவே இல்லைம்பான். உள்ள ரூம்ல டிரம்மு நிக்கும்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்லை."

"நான் தப்பா சொல்லலப்பா. நல்ல புள்ள, வாய் நிறைய நைனான்னு கூப்புடறாரு. ஆனா எலிக்கு கீதாம், நமக்கு இல்லையாம். நான் எவ்ளோ இல்லை பாத்துட்டேன். இல்லைன்னு சொன்ன எடத்துல இல்லாம இருந்ததே கிடையாது."

அவருக்கு இருந்ததில் பாதிகூட எனக்கு 'இல்லை'யோடு பழக்கம் கிடையாது. அவருக்கு என் கண் போனதைவிட, கேட்டும் கிடைக்கவில்லை என்பது பெரிதாக வலிக்கத் தொடங்கியது. அன்று முதல் காலைச் சோதனையை நிறுத்திவிட்டார். மருந்து இருந்தும் தராதபோது சோதித்து என்ன பயன் என்பது அவர் கணக்கு.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன்னைக் கூப்பிட்டு, எங்க நைனா உன்னை ரேஷன் டீலர் ஆக்கிவிட்டார் என்று சொன்னேன். நீ சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்று, "நிஜமாவே அப்படி நினைக்கறாராடா?" என்றாய். நிஜமாகத்தான் என்றேன். போனை வைத்துவிட்டாய்.

கல்யாணம் முடிந்த மறுநாள் மத்தியானம், வெயிலில், எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் நீ இறங்கினாய். கையில் உன் அமெரிக்கப் பெட்டி. சக்கரம் வைத்த பெட்டியை எங்கள் தெருவில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் தெருவும் சக்கரத்தைக் கருதிப் போடப்பட்டதில்லை. நீ அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். பின்னால் ஒரு நாயும் நாலைந்து பேரும் வந்தார்கள்.

முதலில் பேனா போன்ற டார்ச்சை எடுத்து நைனாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாய். என் இடது கண்ணில் வெளிச்சம் அடித்தாய். "கண் பாப்பா சுருங்கறது பாருங்கோ நைனா. ரெண்டு கண்ணுலயும் சேர்ந்து சுருங்கும்." அப்படியே வெளிச்சத்தை வலது கண்ணுக்கு நகர்த்தினாய். "இப்ப பாருங்கோ. வெளிச்சம் அடிக்க அடிக்க விரியறது. இந்தப் பக்கத்துச் சேதி உள்ள போகலை." நைனா டார்ச்சை வாங்கித் தானே அடித்துப் பார்த்தார். பிறகு அம்மாவுக்கு அடித்துப் பார்த்தார். பிறகு, ஒப்பிட்டுப் பார்க்க, ஆட்டுக்கு.

அதன் பிறகுதான் நீ பெட்டியைத் திறந்தாய்.

"நைனா, அமெரிக்காலேர்ந்து நான் கொண்டுவந்தது எல்லாம் இதுலதான் இருக்கு. நீங்களே பாருங்கோ."

இதை நைனா எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் கூச்சப்பட்டார். "ஐயோ, அதெல்லாம் வாணாம் சாமி" என்றார். சொல்லிக்கொண்டே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டைகள். திருப்பதிக் கோடைக்கு நீ கொண்டுவந்திருந்த கம்பளிச் சட்டை. உருகி ஒட்டிக்கொண்ட சாக்லேட். நீ திரும்பிப் போகும்போது எடுத்துப்போக உன் அம்மா கட்டித் தந்த ஆவக்காய் பாட்டில். பச்சை நிற ஷாம்பூ. நைனா ஷாம்பூவைத் திறந்து முகர்ந்தார். "இது?" "தலைக்கு, நைனா." நம்பினார். ஒரு சின்ன மரச் செப்பில் வெள்ளைக் கட்டி ஒன்று இருந்தது. அதைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மாறியது. கட்டி, வெள்ளை, பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மருந்துக்கு உரிய லட்சணம் எல்லாம் இருந்தது.

"இது இன்னா சாமி?"

"திருமண் நைனா. நெத்திக்கு இட்டுக்கறது."

"அமெரிக்காலயா?"

"ஞாயித்துக்கிழமைல."

நைனா அதைத் திருப்பி அதே இடத்தில் வைத்தார். நானும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விலங்கியல் படித்தவன், பெட்டியில் மருந்து இருக்காது என்று தெரிந்தவன். ஆனாலும் பெட்டி என்று ஒன்று திறந்தால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அடியில் இரண்டு படங்கள் இருந்தன. எலியின் விழித்திரையை விரித்து எடுத்தவை. ஒன்றில் களத்தில் கடலை காயப்போட்டது போலப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. இன்னொன்றில் கோழி மேய்ந்துவிட்டுப் போன களம். நெருக்கமாக இருப்பது மருந்து போட்டது என்றாய். நைனா அதை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த எலிக்குக் கண்ணு தெரியுதா சாமி?"

"தெரியலை நைனா. செல்லு உசிரோட இருக்கு. அவ்வளவுதான். அதுவும் கொஞ்ச நாளைக்கு."

"அப்போ எலிக்கும் இல்லை."

"எலிக்கும் இல்லை, நைனா."

நைனா படத்தை உன்னிடம் கொடுத்தார். கலைந்த சட்டைகளை அவரே மடித்துப் பெட்டியில் வைத்தார், அவருக்குத் தெரிந்த மாதிரி, வேட்டியை மடிப்பது போல. அம்மாவைப் பார்த்து, "சாமிக்கு எளநி வெட்டு" என்றார். அன்று சாயங்காலம் டீக்கடையில் அவர் சொன்னதைக் கேட்டவர்கள் எனக்குச் சொன்னார்கள். "இல்லைன்னு சொல்லிட்டு குடோனைத் திறந்து காமிச்ச ஆளு இவரு ஒருத்தருதான்." மறுநாள் காலையில் என் இடது கண்ணை மூடவில்லை. என் வலது கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிவரை நடந்தார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நீ எனக்குத் தனியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "ரோடு தோண்டறச்சே டெலிபோன் கேபிளை வெட்டிடறா இல்லையா? வீட்ல இருக்கற போன்ல ஒரு கோளாறும் இல்லை. ஆனா அந்தப் பக்கத்துலேர்ந்து சேதி வர்றது நின்னு போச்சுன்னா, வீட்டுக்குள்ள இருக்கறவா தானா ஒவ்வொருத்தரா போயிடறா. அவாளைப் போகாம இருத்தி வைக்கறதுதான் என் டிபார்ட்மென்ட்."

"கேபிளை ஒட்டறது?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

"எங்க கீது?"

"இன்னும் திறக்கலைடா."

பஸ் வந்தது. படியில் நின்றபடி, "இடது கண்ணைப் பத்திரமா பார்த்துக்கோ. அதுக்கு வைத்தியம் இருக்கு, கண்ணாடி போட்டுக்கறது" என்றாய். பார்வையில் குறை இல்லாத கண்ணுக்கு, உடையாத தடிமனான கண்ணாடி ஒன்று பிறகு தபாலில் வந்தது. தொழிற்சாலையில் என்னை வெல்டிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வதந்தி பரவியது.

அதற்குப் பிறகு நம் பேச்சு ஞாயிற்றுக்கிழமைக் காலை போனில் நடந்தது. "எலிகள் எப்படி?" என்பேன். "இந்த வருஷம் தேவலை" என்பாய். "கண்?" என்பாய். "இடது தேவலை" என்பேன். நைனா இருந்தவரை ரிசீவரை வாங்கி, "சாமி, அந்த இன்னொரு டிபார்ட்மென்ட் திறந்தாங்களா?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்று நீ சொல்வாய். "சரி, அவசரமில்லை" என்பார். அவர் போன பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்டேன், அவர் குரலில். நீ சிரிக்க முயன்றாய்.

நீ வருவது குறைந்தது. விசா, ஆராய்ச்சிக்குப் பணம் நின்றது, வேறு ஊர், வேறு எலி. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. திங்கட்கிழமை உன் தங்கை பேசினாள். வேலைக்குப் போகும் வழியில், காரை ஓரமாக நிறுத்திவிட்டு, மார்பைப் பிடித்துக்கொண்டு. அங்கேயே எல்லாம் முடித்துவிட்டார்கள். உன்னை இங்கே யாரும் பார்க்கவில்லை.

உன் அப்பாவைப் பார்க்கத் திருப்பதி போனேன். மேசையில் உன் படம், துளசி மாலை. மாமா மெலிந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "உனக்குக் கண் எப்படிடா இருக்கு?" என்றார்.

"தேவலை மாமா."

"அவன் சரி பண்ணிக் குடுத்தானே, அந்தக் கண்ணைக் கேக்கறேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கல்யாணம் முடிந்த கையோடு நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்குப் போனதை அவர் பார்த்திருக்கிறார். முந்தைய வாரம் என் நைனா வந்து மருந்து கேட்டதையும் கேட்டிருக்கிறார். பெட்டியோடு போன பிள்ளை திரும்பி வந்தான். பிறகு நான் எப்போது வந்தாலும் என் இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன. இதில் சந்தேகப்பட அவருக்கு என்ன இருக்கிறது? இத்தனை வருடமும் மாட வீதி முழுக்க என் வலது கண்ணைத்தான் சாட்சியாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்வதில் எனக்குப் பெரிய கூச்சம் கிடையாது, தொழிற்சாலைக் கணக்கில் பழகியதுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அதையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் நீ எங்கள் நைனாவை ஏமாற்றியிருந்தால் எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும். ஒரு வைட்டமின் மாத்திரை போதும். அதற்குப் பதில் நீ பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாய்.

"இந்தக் கண்ணுல பார்வை இல்லை மாமா. அப்பவே இல்லை. அவன் முடியாதுன்னு நேரா சொல்லிட்டான்."

மாமா எழுந்து வந்து என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். வலது கண்ணுக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார்.

"நன்னாத்தானேடா இருக்கு."

"பார்க்க நல்லாத்தான் இருக்கும் மாமா."

"அவனும் படத்துல அப்படித்தான் இருக்கான்" என்றார்.

கையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். நான் செய்தது சரியா என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "அப்போ பெட்டியில என்னதான் கொண்டுபோனான்?" என்று கேட்டார்.

சொன்னேன். கம்பளிச் சட்டையைச் சொன்னேன், ஷாம்பூவை நைனா முகர்ந்ததைச் சொன்னேன். ஆவக்காய் பாட்டிலைச் சொன்னபோது உள்ளே இருந்த உன் அம்மா பக்கம் திரும்பி, "கேட்டியாடி?" என்றார். திருமண் கட்டியைச் சொன்னபோது கையமர்த்தினார். "புதுசா இருந்ததா, தேய்ஞ்சிருந்ததா?" நைனா கையில் எடுத்தபோது நான் பார்த்திருக்கிறேன், பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. சொன்னேன். மாமா மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் முதல்லேர்ந்து சொல்லு" என்றார்.

இப்போது நான் மாதம் ஒருமுறை சித்தூரிலிருந்து திருப்பதி போகிறேன். என்னிடம் இருப்பது உன் பெட்டி ஒன்றுதான், அதைத்தான் கொண்டுபோகிறேன். சட்டைகளிலிருந்து ஆரம்பித்து, நைனா மடித்து வைத்ததுவரை. சொன்னதையே சொன்னாலும் மாமா அலுத்துக்கொள்வதில்லை. நடுவில் புதிதாக ஏதாவது கேட்பார், ஆட்டின் கண் சுருங்கியதா என்பது போல. நான் போய் உட்கார்ந்ததும் முதல் காரியமாக எழுந்து, வேண்டாம் மாமா என்று நான் சொல்வதைக் கேட்காமல், தன் நாற்காலியை எனக்கு இடது பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.